இரண்டு கலியபெருமாள், ஒரு கார்டு

அன்புள்ள ராசாத்தி அக்கா,

ஆபீசில் இருந்தவரைக்கும் உங்களை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த நீங்கள்தான் என்னை 'சார்' என்றீர்கள். நீங்கள் ரிட்டயர் ஆகிப் போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போதாவது கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஒரு சேதி. நம் குவாரி ஆபீசுக்குத் திரை வைத்த கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இனி நான் திருச்சியில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆளுக்கு ஒன்றாக நீங்கள் மெஷினில் அடித்துத் துளை போட்ட கார்டுகள் ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

எழுபத்தெட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? தினக்கூலி ஆட்களில் யாரை நிரந்தரமாக்கலாம் என்ற பட்டியலுக்கு நான் புரோகிராம் எழுதினேன். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான், ஒரு கார்டைத் தள்ளிவிடு என்பது என் விதி. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நீங்கள் இரண்டு கார்டுகளோடு வந்து நின்றீர்கள்.

"சார், இது ரெண்டு ஆளுங்க. எங்க பக்கம் வூட்டுக்கு ஒரு கலியபெருமாள் இருப்பாரு. பொறந்த தேதி பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டது, எல்லாருக்கும் ஒண்ணுதான். குவாரிக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"ஒரே கார்ட ரெண்டு தடவ அடிச்சுட்டு கத சொல்லாதீங்க" என்றேன். குவாரி நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை.

இரண்டு பேரில் உடையார்பாளையத்துக் கலியபெருமாள் பெயர் பட்டியலில் வரவில்லை. அடுத்த பட்டியலுக்கு அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். யார் தப்பு என்று மேனேஜர் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கார்டு அடித்ததில் கவனக்குறைவு' என்று உங்கள் பெயருக்கு மெமோ வந்தது. நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். நீங்கள் ஏன் வாயே திறக்கவில்லை அக்கா? சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள் என்றா?

பிறகு ஆளுக்கொரு டோக்கன் நம்பர் கொடுத்தோம். பாடம் படித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன வாரம் புது கம்ப்யூட்டரில் காண்ட்ராக்ட் ஆட்களின் பட்டியலை ஏற்றினோம். அவர்களுக்கு டோக்கன் கிடையாது. பெயரும் தேதியும் போதும் என்று சொன்னது யார் தெரியுமா? புதிதாக வந்த இன்ஜினியர் இல்லை. நான்தான்.

டைப் அடிக்கும் மல்லிகா தயங்கித் தயங்கி, "சார், இந்த ரெண்டு செல்வராசும் வேற வேற ஆளுங்க" என்றார். பழைய பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது அக்கா. பட்டியலை எடுத்துக்கொண்டு குவாரிக்கு நடந்தேன். இரண்டு செல்வராசுகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி எந்தப் பெயரையும் ஆளைக் கேட்காமல் அழிக்க மாட்டேன். எழுபத்தெட்டில் நடந்த தப்பு கார்டில் இல்லை, என் புரோகிராமில்தான் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மெமோவை ஒட்டிய அதே போர்டில் நாளைக் காலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், இந்தக் கடிதத்தின் நகலை என் கையாலேயே ஒட்டுவேன். அன்று அந்த மெமோவைப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

இனிமேல் சார் இல்லை,
உங்கள் தம்பி சண்முகம்