அண்ணன் பெட்டியில் எழுதிய முகவரி

12 ஏப்ரல் 1983, செவ்வாய்

நாளை மறுநாள் அண்ணன் குடும்பம் மலேசியாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. திரும்பி வரமாட்டார்கள். பிறந்த ஊரில்தான் சாவேன் என்கிறார் அண்ணன்.

இரும்புப் பெட்டி இன்று மூடவே இல்லை. அண்ணி அதற்குள் அம்மிக் குழவியையும் திணித்திருந்தார். கடைசியில் நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். அந்த அதிர்வில், எங்கோ இருக்கும் சுங்கை பெசார் வயல்களில் நெல்லெல்லாம் உதிர்ந்திருக்கும்.

பெட்டியில் முகவரி எழுதும் ராஜாங்கப் பொறுப்பும் எனக்கே. தோட்டத்து ரப்பர் மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்ட கை இது. சக்கரவர்த்திகள் கண்டிருந்தால் கல்வெட்டு வெட்டத் தூக்கிப் போயிருப்பார்கள். வெள்ளைப் பெயிண்டில் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, எட்ட நின்று ரசித்தேன்.

அண்ணன் மகள் கலா வாசித்துப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா, நம்ம லயத்து வீட்டு அட்ரஸ எழுதி வச்சிருக்கீங்க? பெட்டி இங்கயே திரும்பி வந்துரும் லா."

உண்மைதான். அண்ணன் பெயருக்குக் கீழே இந்தத் தோட்டமும் கோலசிலாங்கூரும் இருந்தன. அந்தப் பெயருக்குக் கீழே வேறு ஊரை என் கை எழுதியதே இல்லை.

அழிப்பதற்குத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வந்தேன். அண்ணி இங்கேயே பிறந்தவர், இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஈரப் பெயிண்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"இப்ப வேணாம் தம்பி. காலையில அழிச்சிக்கலாம்."

அண்ணன் வெளியே போய்விட்டார்.

காய்ந்துவிட்டால் அது துணிக்கு மசியாது, கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நான் சொல்லவில்லை. காலையில் சுரண்டப் போவதும் நான்தான்.