கடலோரத்தில் ஒரு மலைக்காரி

அன்புள்ள அம்மாவுக்கு,

மமெல்லோவின் வணக்கம். நம் செமொன்கொங் மலையில் பனி விழுந்திருக்குமே, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்தான்.

இங்கே கேப் டவுன் கடற்கரை மணலில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கார்பனைச் சோதித்ததில், அவள் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் பல்லில் கடைசிவரை மாறாது அம்மா. அவள் பல்லைச் சோதித்தது நான்தான். அவள் மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். எலும்போ, அப்புறம் பல வருடம் கடல் மீன் தின்றவளின் எலும்பு.

"உங்க ஊர்க்காரிடி! வந்தவ திரும்பிப் போகவே இல்ல பாரு," என்று கூட வேலை செய்யும் நொம்வுயோ சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை, கவலைப்படாதீர்கள்.

இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புளித்த கஞ்சிக்குச் சோள மாவு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பது புளிக்கவே மாட்டேன் என்கிறது. என் மகள் தெபோஹோவுக்கு முதல் பல் ஆடுகிறதாமே. விழுந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மாவோடு வைத்து அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க அல்ல அம்மா, என்னிடம் வைத்துக்கொள்ள.

கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள்
மமெல்லோ