தலைக்கனம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் மேலாளர் மிஸ் டான் இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. எதில் உட்காருவது என்று தெரியாமல் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன்.

என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலையில் குறையே இல்லையாம். ஆனால் மேல் மாடியில் இருக்கும் பெரியவர்களுக்கு ரெனீ என்று ஒருத்தி இருப்பதே தெரியாதாம். 28ஆம் தேதி அவர்கள் முன்னால் நின்று, இன்சூரன்ஸ் புகார்களில் நான் கண்டுபிடித்ததை நானே பேசிக் காட்ட வேண்டும். நன்றாகப் பேசினால் நிரந்தரம். இல்லாவிட்டால் — அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"சரி" என்றேன். "என்ன?" என்றார். மறுபடியும் "சரி" என்றேன். மூன்றாவது தடவை தலையை ஆட்டிக் காட்டிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்க மேடை ஏறினால் பேச வேண்டியதில்லை, கை குலுக்கினால் போதும். அதனால்தான் வாங்க முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எங்கே நின்று பயிற்சி செய்வது?

தோ பாயோவில் எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். என் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. தம்பி மேக்ஸ்வெல் ஹாலில் தூங்குகிறான், ஹாலிலேயே வாழ்கிறான். குளியலறையில் முயன்றேன். "குட் மார்னிங், எவ்ரிவன்" என்று மூன்றாம் முறை சொன்னபோது அம்மா கதவைத் தட்டி, "வயிறு சரியில்லையா?" என்றார். வெளியே வந்ததும் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர். குடித்தேன். வேறு என்ன சொல்வது?

உண்மையைச் சொல்ல முடியாது. நான் ஒப்பந்த ஊழியர் என்பது வீட்டில் தெரியாது. அப்பா பஸ் ஓட்டுகிறார். டிப்போ முழுக்க "எம்பொண்ணு தெம்பனிஸ்ல ஆபீசர்" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

மேக்ஸ் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். "வீ.ஆர் ஹெட்செட் வாங்கு லா, அக்கா. தலையில மாட்டிக்கிட்டா கண்ணு முன்னாடி ஆடியன்ஸே வருவாங்க. நீ எப்படிப் பேசினேன்னு மார்க்கும் போடும்."

வீட்டில் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்ததும் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு லிட்டில் இந்தியா போனேன். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், போனும் பெட்டியும் விற்கிற சின்னக் கடை. பெரிய கடைகளில் சீருடை போட்டவர்கள் வந்து "உதவட்டுமா?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே கடைக்காரரின் மகள் முனீரா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு ஹெட்செட்டை நீட்டி, "போட்டுப் பாருங்க, க்கா" என்றாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

என் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. மாட்டியதும் நெற்றியில் அம்மிக்கல்லைக் கட்டிய மாதிரி கனம். பிறகு ஒரு பெரிய மண்டபம். கோட்டு போட்டவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேசுங்க, க்கா."

"பாக்கறாங்க."

"அவங்க பொம்மை லா!"

"தெரியும். இருந்தாலும்…"

கண்ணாடி இல்லாததால் அவர்கள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதுவே ஒரு தைரியம். மெல்ல ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. புகார்களை மூன்று வகையாகப் பிரித்ததைக்கூடச் சொல்லிவிட்டேன் — கை அசைத்து!

கழற்றினால், கடை வாசலில் பெட்டி வாங்க வந்த ஐந்தாறு ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மிகவும் மரியாதையாக, "நல்லா பேசுறீங்க சிஸ்டர். என்ன விக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஓடி வந்துவிட்டேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாதபோதுதான், கண்ணாடியைக் கடையிலேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவர்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

வாங்கலாமா, வேண்டாமா? வித்யாவோடு போனில் பேசினேன். பல்கலைக்கழகத்தில் என் குரலைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்டி. வீட்ல இன்னும் சொல்லல. ஞாயித்துக்கெழம நேர்ல போய்ப் பாத்தேன்… செகண்ட் ஹேண்ட் எல்லாம் வேணாம், யாரோட வேர்வையோ… ஆமா, புடிக்கலன்னா பதினஞ்சு நாளுக்குள்ள திருப்பி அனுப்பிடலாமாம். ஆனா அத வீட்டுக்குக் கூட்டி வந்து எங்க வச்சுக்கறது? ஹால்ல மேக்ஸ் இருக்கான்."

"கூட்டி வந்து" என்றதற்கு வித்யா சிரித்தாள். மனிதர்களோடு பழகாதவள் பொருள்களோடு இப்படித்தான் பேசுவாளாம்.

பேசி முடித்தபோது சமையலறையில் மீன் ஆயும் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மாவுக்குக் கை வலி போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று காரணமே இல்லாமல் எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிவியை அணைத்தார். பந்து விளையாட்டின் நடுவில் அவர் அணைத்து நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு பாத்து வச்சிருக்கியாமே. அம்மா சொன்னா."

மேக்ஸ், உன்னைக் கொல்லப்போகிறேன்.

"ஆமாப்பா. இன்னும் முடிவு பண்ணல."

"எந்த ஊரு?"

"அமெரிக்கா."

அப்பா நெடுநேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்க எப்படி?"

"வெள்ளையா, அழகாத்தான் இருக்கு. ஆனா தலைக்கனம்பா."

"தலைக்கனமா?"

"ஆமா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போகப் போகப் பழகிடுமாம்."

"பழகாதும்மா. தலைக்கனம் மட்டும் பழகவே பழகாது. டிப்போவுல எத்தன பேரப் பாத்திருக்கேன்."

டிப்போவில் யார் இதை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.

"அப்புறம் என் கண்ணாடிதான் பிரச்சினை. அதோட ஒத்து வராதாம். கழட்டிடணுமாம்."

அப்பா எழுந்தே விட்டார். "எம்பொண்ணு கண்ணாடியக் கழட்டணுமா? அவ்ளோ திமிரா?"

ஒரு கருவி விஷயத்தில் என் பக்கம் நின்று அப்பா இவ்வளவு கோபப்படுவார் என்று நினைக்கவே இல்லை. நெகிழ்ந்துபோனேன். இதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆனால் எதற்காக வாங்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேக்ஸ் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறான். பொய்யன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒத்திகையில் மிஸ் டான் என்னை நிறுத்தி, பேச ஆரம்பிக்கும்படி சொன்னார். நான் அப்போது இரண்டாம் பக்கத்தில் இருந்தேன்.

போதும். வாங்கியே தீர வேண்டும். ஒன்றை எடுத்து வைக்கும்படி முனீராவுக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிறு மாலை போகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போகவில்லை. நடந்ததை எழுதினால்தான் மனசு அடங்கும்.

மத்தியானம் குவீன்ஸ்டவுனிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியப்பா பெர்னார்ட் முழுக்கைச் சட்டை போட்டு வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது யாருக்கோ கல்யாணம். அம்மா கேசரி கிண்டியிருந்தார். என்னை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"அமெரிக்காக்காரன்கறது தப்பில்ல. வெள்ளைக்காரன்கறதும் தப்பில்ல. ஆண்டவர் முன்னாடி எல்லாரும் ஒண்ணு. ஆனா பாரும்மா ரெனீ, கண்ணாடி போட்ட பொண்ணு ஒத்துவராதுங்கறான், புடிக்கலன்னா பதினஞ்சு நாள்ல திருப்பி அனுப்பலாம்கறான் — இவன் என்ன மனுஷன்?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. மீன் ஆயும் சத்தம். முட்டை. அமெரிக்கா. ஐயோ, 'வெள்ளையா அழகா'!

"அது ஆள் இல்ல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் வேணாம்னு அவளே சொல்லிட்டா, அந்தமட்டும் புத்தி இருக்கு" என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, அது ஆள் இல்ல."

"தலைக்கனம் புடிச்சவனாம்," என்றார் அப்பா. "இவளே ஒத்துக்கறா."

"படிச்ச பொண்ணு இப்படியா ஏமாறுவா?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட போய்ப் பாத்திருக்கா," என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஆள் இல்லங்கறேன்! மெஷின்! தலையில மாட்டற மெஷின்!"

பெரியப்பா கையிலிருந்த கேசரிக் கரண்டி அப்படியே நின்றது. பக்கத்து வீட்டில்கூட ஏதோ நின்றது. இவ்வளவு சத்தம் எனக்குள் எங்கே இருந்தது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. வேல பர்மனெண்ட் இல்ல, இந்த மாசத்தோட போயிடும், எல்லார் முன்னாடியும் பேசணும், எனக்கு வாய் வராது, பாத்ரூம்ல பேசினா ஓமத் தண்ணி குடுக்கறீங்க, அதான் அந்த மெஷின், அதுல பொம்மைங்க உட்காந்து கேக்கும் — எல்லாம். மெஷின் எப்படி இருக்கும், என்ன செய்யும், எது நல்லது, எது கெட்டது, வியர்வை உட்பட. கை அசைத்து.

முடித்ததும் பெரியப்பா பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"ஒரு கேள்வி."

"கேளுங்க, பெரியப்பா."

"அப்போ கண்ணாடி போட்டவங்க அத மாட்டவே முடியாதா?"

"தனி லென்ஸ் கிடைக்கும், பெரியப்பா. விலை அதிகம்."

"கரண்ட் பில்லு ஏறுமா?" என்றார் பெரியம்மா.

"ஏறாது, பெரியம்மா."

அப்பா கடைசியாகக் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. "வேல நிரந்தரம் இல்லன்னு ஏம்மா சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் ஆபீசர்னு சொல்லிட்டீங்களேப்பா."

அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "நான் சொல்றதுக்காகவா நீ ஆபீசரா இருக்கணும்?" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவியபடி முணுமுணுத்தார்: "அது, அதுன்னே சொன்னியே. வெக்கத்துல சொல்றேன்னு நெனச்சேன். நான் உங்கப்பாவ அப்படித்தானே சொல்வேன்."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று வேலை முடிந்து வந்தால் டிவி சுவர் பக்கம் திரும்பியிருந்தது. அதன் முன்னால் எனக்கு இடம் விட்டு நான்கு நாற்காலிகள். பெரியப்பாவும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லையாம்.

பொம்மைகள் இருமும், அவ்வளவுதான். இவர்கள் வெங்காயம் உரிக்கிறார்கள். மேக்ஸ் வேண்டுமென்றே கொட்டாவி விடுகிறான். அப்பா ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கை தட்டுகிறார். பெரியப்பா நடுவில் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வந்து, "மொதல்லேர்ந்து சொல்லு" என்கிறார். இங்கிலீஷ் வேகமாகப் போனால், "மெதுவா லா, இது என்ன எக்ஸ்பிரஸ் பஸ்ஸா?" என்று அப்பா அதட்டுகிறார்.

இன்றும் அதே கூட்டம்.

ஆகஸ்ட் 27, புதன்

எடுத்து வைக்க வேண்டாம் என்று முனீராவுக்கு அனுப்பினேன்.

"ஏன் க்கா?"

"வீட்லயே ஒண்ணு இருக்கு."

"எந்த மாடல்?"

"பழசு. சத்தம் கொஞ்சம் அதிகம்."

ஆகஸ்ட் 28, வியாழன்

பேசிவிட்டேன். என் குரல் கடைசி நாற்காலி வரை கேட்டது. நடுவில் ஒரு பெரியவர் எழுந்து போனார். நான் நிறுத்தி, அவர் திரும்பி வந்ததும், விட்ட இடத்தை அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று மிஸ் டான் லிஃப்டில் கேட்டார். பழக்கம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

நிரந்தரம்!!

கூடவே, இனி மாதா மாதம் நான்தான் பேச வேண்டுமாம். இது பரிசா, தண்டனையா? "டிப்போவுல சொல்லிக்கலாமா?" என்று அப்பா என்னிடம் அனுமதி கேட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதா திருவிழாவுக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். பூசை முடிந்து வெளியே வந்ததும், அம்மாவின் தோழி ஜெனிவீவ் ஆன்ட்டி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார்: "பிலோமினா! பொண்ணுக்கு எப்போ ஓலை வாசிக்கப்போறாங்க?"

அம்மா முகம் வெளிறிப்போனது. இந்தக் கூத்தில் அம்மா கோயில் அலுவலகம்வரை போய், பூசையில் எல்லார் முன்னாலும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்க என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்! சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அம்மா "அது வந்து… அது வந்து…" என்று திணறினார்.

"ஆன்ட்டி," என்றேன். திருவிழாப் பந்தலின் கடைசிவரை கேட்டிருக்கும். "அது மாப்பிள்ளை இல்ல, மெஷின். ரெண்டுமே இப்போதைக்கு வாங்கறதா இல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ஜெனிவீவ் ஆன்ட்டி, "ஐயோ, இந்தப் பொண்ணுக்குப் பேச வருமா?" என்றார். அம்மா என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பஸ் புறப்பட்டு நான்கைந்து நிறுத்தம் தாண்டியிருக்கும். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

"இப்போதைக்குன்னு சொன்னியே, எத — மெஷினையா, அவனையா?"

"அவன் யாரும்மா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."