ஒரே வயரில் இரண்டு தலை

9 ஜூலை, புதன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். ஆதவன் அண்ணனிடம் கூடவே கூடாது.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இரவு பத்தாகிவிடும். அதனால் வீடியோ வேலைக்காக வாங்கிய புது கிராஃபிக்ஸ் கார்டைக் கணினியில் பொருத்தும் வேலையை நேற்று என்னிடம் விட்டார். போனில் சொன்னார்: "கார்டோட வந்த அடாப்டர்ல ரெண்டு வாய் இருக்கும் சௌந்து. ரெண்டுலயும் பவர் வயர் தலைய சொருகு. டக்குனு கேக்கணும். அவ்ளோதான் லா."

பவர் பெட்டியிலிருந்து வந்த ஒரு வயரின் நுனியிலேயே இரண்டு தலைகள் இருந்தன. சொருகினேன். டக், டக். திரை ஒளிர்ந்தது. இரவு வந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு இஞ்சினியர் பாருங்கம்மா" என்றார் அண்ணன்.

இன்றுதான் கார்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்த தாளைப் படித்தேன். இரண்டு வாய்க்கும் தனித்தனி வயர் போக வேண்டுமாம். ஒரே வயர் அவ்வளவு மின்சாரத்தையும் சுமந்தால் சூடேறி உருகலாமாம். நான் செய்ததையே படமாகப் போட்டு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி.

10 ஜூலை, வியாழன்

சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் அதற்குள் அவருடைய கூட்டாளி காளிதாஸிடம் போனில், "கடைக்காரன் எதுக்குடா? என் தங்கச்சியே போட்டுட்டா" என்றார். சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

இரண்டு நாளாக ஒன்றும் ஆகவில்லையே. ஆகாதோ?

11 ஜூலை, வெள்ளி

அண்ணனும் காளிதாஸும் எடுத்த மூவாரில் நடந்த கல்யாணத்தின் வீடியோவை நாளைக் காலை கொடுக்க வேண்டும். "வீடியோ ரெடியாக கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கணினிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்.

மணி ஒன்று. தண்ணீர் குடிக்கப் போனேன். அவர் அறையிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறார். கணினியின் பக்க மூடியை நான் இன்னும் மாட்டவில்லை. உள்ளே கைவிட்டு வயரைத் தொட்டேன் — சுட்டுவிட்டது.

எழுப்பலாமா? எழுப்பி என்ன சொல்வது? இஞ்சினியர் செய்த வேலை என்றா?

திரையில் வீடியோ எழுபத்தொரு சதவீதம் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

போச்சு. எல்லாம் போச்சு. மூவார்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வார்? விடிந்ததும் நானே சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? அண்ணா, ஒரே வயரில் இரண்டு —

அண்ணன் கதவைத் தட்டுகிறார்.

"சௌந்து. சுவிட்ச நீதான அடைச்ச? வயர் உருகியிருக்கு. ரெண்டு தலைனு சொன்னேன், ரெண்டு வயர்னு சொல்லாம விட்டுட்டேன்லா. கதவ தொற. கைய காட்டு, சுட்டுடுச்சா?"

நான் திறக்கப் போகிறேன்.