கட்டிலுக்கு மேல் தொங்கும் நெட்

லிங்கராஜபுரம்,
27-1-1998, இரவு

அன்புள்ள விஜி,

கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உங்கம்மாவுக்குக்கூட. படித்ததும் கிழித்துப் போடு. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

சந்தாபுராவில் உன் சித்தி வீடு எப்படி இருக்கிறது? இங்கே வகுப்பில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். யாரையும் உட்கார விடவில்லை.

என் கட்டிலுக்கு மேலே தொங்கிய நெட் உனக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பரில் சர்ச்சில் பழைய சாமான் விற்கும் ஜம்பிள் சேலில், பழைய துணிக் குவியலுக்கு அடியில், ஒரு தலையணை உறைக்குள் கிடைத்தது. ஐந்து ரூபாய். ஏதோ பழைய கொசுவலை என்று நினைத்தேன். அப்பா ஹாலில் பிளைவுட் தடுத்து எனக்கென்று ரூம் ஆக்கிக் கொடுத்திருந்தாரே, அதை அழகாக்க வேண்டும் என்று ஒரு வெறி. நெட்டை இரண்டாக வெட்டி, பீட்ரூட் தண்ணீரில் ஊறவைத்து, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய துருப்பிடித்த ரிம்மில் சுற்றித் தொங்கவிட்டேன். ஓரத்தில் இருந்த மெழுகுப் பூக்களைப் பிய்த்து முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினேன். என் பிறந்தநாளன்று நீ அதன் கீழே படுத்துக்கொண்டு, "அடியே, ராணி ரூம் மாதிரி இருக்குடி" என்றாய்.

விஜி, அது கீழ்வீட்டுக் கேத்தரின் ஆன்ட்டி தன் கல்யாணத்தில் தலையில் போட்ட நெட். அவர்கள் மூத்த மகளும் போட்டது. அடுத்த மாதம் சின்ன மகள் போட வேண்டியது. அவர்களே தெரியாமல் பழைய துணியோடு அந்த உறையையும் சேலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பீரோவில் தேடினால் காணோம். அங்கே வீட்டுவேலைக்கு வந்தது உங்கம்மா ஒருவர்தான், அதனால் பழி அவர்கள் மேல் விழுந்தது.

அன்று நான் மாடியில்தான் நின்றிருந்தேன். "பையைக் கொட்டுடி! எல்லாரும் பார்க்கட்டும்!" என்று ஆன்ட்டி உங்கம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். டிபன் டப்பா படியில் உருண்டது. உன் ஸ்கேல்கூட விழுந்தது. அப்புறம் ஆன்ட்டி கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். போட்டோவில் அதே மெழுகுப் பூ. உங்கம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாப்பா, நீயாவது சொல்லு, நான் எடுப்பேனா?" என்றார்கள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நெட்டையும் பூக்களையும் கழற்றிப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். சலித்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் ஆன்ட்டி எங்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டு மாடியில்தானே குடியிருக்கிறோம். அப்பா என் தோலை உரித்துவிடுவார். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு.

உன்
நிக்கோல்


சந்தாபுரா,
4-2-1998

நிக்கோல்,

கடிதம் வந்தது. நீ கேட்டபடி யாருக்கும் காட்டவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை.

போஸ்ட்மேன் அதை அம்மா கையில்தான் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நிக்கோல் பாப்பா என்னா எழுதியிருக்கு, படி" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை வருதாம், கணக்கு கஷ்டமா இருக்காம், நம்மை ரொம்ப விசாரிச்சிருக்கா என்று இல்லாததையெல்லாம் படித்தேன். "தங்கமான பொண்ணு. அவ ஒருத்திதான் நம்மளை மறக்கலை" என்றாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முதல் தடவை என்ன படித்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

அம்மா இப்போது ஊதுபத்தி உருட்டப் போகிறாள். சித்தப்பா தினமும், "நெட்டுக்காரி வந்துட்டாப்பா, துணியெல்லாம் உள்ள எடுத்து வைங்க" என்று சிரிக்கிறார். என்னைப் பள்ளியில் சேர்க்க டி.சி. வேண்டும். அதை வாங்க அந்தத் தெருவுக்கு வர அம்மா மாட்டேன் என்கிறாள்.

உன் பிறந்தநாளன்று என்னைக் கூப்பிட வந்தபோது, அம்மாவும் அந்த நெட்டைத் தொட்டுப் பார்த்து, "என்னா மெத்துனு இருக்கு" என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இனி எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி எழுது. இல்லையென்றால் எழுதாதே.

விஜி


லிங்கராஜபுரம்,
11-2-1998, இரவு

அன்புள்ள விஜி,

இது ஒன்றை மட்டும் காட்டாதே. கல்யாணம் 21ஆம் தேதி. தவக்காலம் வருவதற்குள் முடிக்க வேண்டுமாம். ஆன்ட்டி சிவாஜிநகரில் புது நெட் வாங்கிவிட்டார்கள். கல்யாணம் நல்லபடி முடிந்தால் கோபமும் ஆறிவிடும். அப்புறம் கட்டாயம் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக.

என் நீல கவுன் உனக்குப் பிடிக்குமே, அனுப்பட்டுமா?

நிக்கோல்


லிங்கராஜபுரம்,
23-2-1998, இரவு

விஜி,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம். இதை உங்கம்மாவுக்கு முதலிலிருந்து படித்துக் காட்டு. எதையும் மாற்றாதே.

அன்புள்ள அன்னம்மா ஆன்ட்டி,

நெட் என்னிடம்தான் இருந்தது. என் கட்டிலுக்கு மேலே நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களே, அதுதான். "நீயாவது சொல்லு" என்று நீங்கள் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். விஜி படித்துக் காட்டிய பரீட்சையும் விசாரிப்பும் நான் எழுதியவை அல்ல. நான் தங்கமான பெண் இல்லை.

சனிக்கிழமை கல்யாணம் முடிந்தது. யாருக்கும் கோபம் ஆறவில்லை. "பழைய நெட்டை வேலைக்காரி கொண்டுபோயிட்டாளாம்" என்று எல்லாரும் பேசினார்கள். எங்கம்மாவும் பேசினாள். நான் பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று சாயங்காலம் ஒரு சீட்டில், 'ஜம்பிள் சேலில் உங்கள் தலையணை உறைக்குள் இருந்தது. அன்னம்மா ஆன்ட்டி எடுக்கவில்லை. மேலே வந்து பாருங்கள்' என்று எழுதி, கீழே என் பெயரும் போட்டு, ஒரு மெழுகுப் பூவை உள்ளே மடித்துக் கேத்தரின் ஆன்ட்டி வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர்கள் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். இப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. கீழே லைட் எரிகிறது.

நெட்டை மறுபடியும் ரிம்மில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்று டார்ச் இல்லை. லைட்டைப் போட்டுத்தான் எழுதுகிறேன். படியில் செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். கதவைத் தட்டுகிறார்கள். "யாரு இந்நேரத்துல?" என்று அப்பா எழுந்திருக்கிறார். ஆன்ட்டி, அப்பா திறப்பதற்கு முன்னால் நானே போய்