அவள் மின்னஞ்சலுக்கு வந்த கடிதம்

செவ்வாய், மார்ச் 12

தேயிலையின் கொப்புள நோய் பற்றி நானும் சுகந்தியும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்து ஒரு மாதமாகிறது. அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. தொடர்புக்கான மின்னஞ்சல் மட்டும் அவளுடையது. அதற்குக் காரணமும் நான்தான். "எங்க தோட்டத்து லய வீட்டுல சிக்னலே இல்ல, ஒன்னோடதையே போடு" என்று பெரிய மனதாகச் சொல்லித் தொலைத்தேன்.

இன்று மத்தியானம் ஆய்வுகூடத்தில் எல்லோர் முன்னாலும் போனை நீட்டினாள்.

"கென்யாவுல இருந்து ஒரு புரொபசர் எழுதியிருக்காரு. டாக்டர் சுகந்தின்னு போட்டிருக்காரு பாரேன்!"

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் மின்னஞ்சலுக்குப் போன் கம்பெனி விளம்பரம்தான் வருகிறது.

பிறகு என்னிடம் தனியாக வந்தாள். "நோய் புடிச்ச எலைய எந்த மலையில எடுத்தோம்னு கேக்குறாரு. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

எடுத்தோமாம்! ஏழாம் நம்பர் மலை, ஆற்றோரச் சரிவு. மழையில் அட்டை கடிக்கக் கடிக்க ஒவ்வொரு இலையாகப் பறித்தவள் நான். அவள் அன்று வரவே இல்லை.

"குறிப்பு எழுதி வச்ச கொப்பியப் பாக்கணும். நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

கொப்பி அப்போது என் பையில்தான் இருந்தது. நாளைக்கு அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவேன்.