கலியமூர்த்தி வக்கீல் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரம்

அன்பு மகள் பிரின்சிக்கு அப்பா எழுதுவது,

மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், கத்தாரில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். மூவரும் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது கண்ணு. உன் தம்பி ஜூடு ஜாமீனில் வந்து இன்றோடு மூன்று நாள். அம்மா போனில் அழுதாளே தவிர விவரம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

சேத்தியாத்தோப்பு வியாபாரியின் மண்டையை உடைத்து வண்டியைப் பறித்ததாக அவனைப் பிடித்தார்களே, அந்தப் பகல் முழுக்க அவன் செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் நின்று மணிக்கொரு தரம் சூட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அந்த நோட்டை நம் தெருக் கலியமூர்த்தி வக்கீலிடம் கொடுத்தது நான்தான், என் சிநேகிதர்தான் வாதாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். ஒவ்வொரு சாட்சியும் பேசி முடித்ததும் அவர் எழுந்து குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார், நோட்டைக் கோர்ட்டில் காட்டவே இல்லை. ஏதோ யுக்தி என்று நம்பினேன். பத்து வருஷம் போட்டுவிட்டார்கள்.

அப்பீலுக்கு வந்த சென்னை வக்கீல் அன்பரசி அம்மா, "வக்கீல் சரியில்லன்னு சும்மா சொன்னா கோர்ட்டு ஒத்துக்காதுங்க, என்னத்தச் செய்யாம வுட்டாரு, அதனால என்ன கெட்டுச்சுன்னு காட்டணும்" என்றார். நான் சண்டை போடத்தான் கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். கத்தி முடிக்கும்வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக, "கேசு நடந்தப்பவே எனக்குக் காது போயிடுச்சுப்பா. சாட்சி சொன்னது ஒண்ணுமே வெளங்கல, நோட்ட எப்பக் காட்டணும்னும் தெரியல. ஜட்ஜுகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். அதையே பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். இதோடு உங்கள் தொழில் போய்விடுமே என்று அன்பரசி அம்மா தாளில் எழுதிக் காட்டியதற்கு, "புள்ள வெளிய வரட்டும்" என்றாராம்.

ஐகோர்ட்டில் ஜட்ஜ் வாசித்த இங்கிலீஷ் எனக்குத் தண்ணீருக்குள் கேட்கிற பேச்சு மாதிரி இருந்தது. ஃபேன் காற்றில் காகிதங்கள் எழும்பி எழும்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பரசி அம்மா தோளைத் தொட்டு, "தண்டனை ரத்துங்க ஐயா, சாட்சிங்கள முதல்லருந்து விசாரிக்கச் சொல்லிட்டாங்க, அதுவரைக்கும் ஜாமீனும் குடுத்துட்டாங்க" என்றபோதும் அது வேறு யாருடைய பிள்ளைக்கோ என்று தோன்றியது. திரும்பும் ரயிலில் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் வெயிலோடு முந்திரித் தோப்புகள் மிதந்து மிதந்து போயின, நானும் உடம்பில்லாமல் கூடவே போனேன்.

இன்னும் முடியவில்லை கண்ணு, ஆடியில் மறுபடி விசாரணை. "திரும்பவும் அந்தக் கூண்டுல நிக்கணுமாப்பா" என்று ஜூடு கேட்டான். நானும் கூட நிற்பேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கலியமூர்த்தி மேல் உனக்குக் கோபம் ஆறாது, எனக்கும் முழுசாக ஆறவில்லை. இன்று காலை அவர் ஸ்டூல் மேல் ஏறித் தன் வக்கீல் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஸ்டூல் ஆடியது. நான் வாசலிலேயே நின்றேன். ஜூடு போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பியோடு பேசு, கேஸைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள் போதும். ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
செபாஸ்டியன்
விருத்தாசலம்